பொங்கி வழியும் பீருக்கு அகலக் குழாய்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

இங்கிலாந்தில் வீட்டில் பீர் காய்ச்ச 1963-லிருந்தே உரிமம் தேவையில்லை. இங்கே குடிவந்த பிறகு பழகிய கைவேலை இது. அடிக்கடி காய்ச்சுவது ஜெர்மானிய கோதுமை பீர். அதற்கு நான் போடுவது வைஸ்ட் 3068 என்ற ஈஸ்ட். வாழைப்பழமும் கிராம்பும் சேர்ந்த அந்த வாசனைக்கு வேறு எதுவும் எனக்கு ஈடாகப்படவில்லை. ஆனால் இது நுரை கட்டும் வேகத்துக்கு, வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றை உள்ளே விடாத சின்ன மூடித் தக்கையான ஏர்லாக் தாங்காது.

23 லிட்டரில் 5 சதவீத ஆல்கஹால் உருவானால், கூடவே 400 லிட்டருக்கும் மேல் கரியமில வாயு வருகிறது. அதில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே வெளியேறிவிடும். ஏர்லாக்கின் சின்னத் துவாரத்தில், கசப்புக்கும் மணத்துக்கும் போடும் ஹாப் பூவின் துணுக்கும் பிசுபிசுத்த நுரையும் அடைத்துக்கொண்டால் நொதிக்கும் வாளியின் மூடியே தெறித்துவிடும். கண்ணாடிக் குடுவை வைத்திருப்பவர்களுக்கு இது உண்மையிலேயே ஆபத்து.

அதனால் முதல் நாளிலேயே ஏர்லாக்குக்குப் பதில் ஓர் அங்குல உள்விட்டமுள்ள சிலிக்கோன் குழாயை மாட்டிவிடுகிறேன். மறுமுனை ஸ்டார் சான் என்ற கிருமிநீக்கிக் கரைசல் உள்ள ஜாடிக்குள் இருக்கும். மறுநாள் காலையில் பார்த்தால் பழுப்பு நுரை, பச்சைத் துணுக்குகளைச் சுமந்தபடி குழாய்க்குள் மெல்ல ஏறி, வளைவில் சற்றுத் தேங்கி, ஜாடிக்குள் சரியும். ஜாடி களுக் களுக்கென்று கொதிக்கிற மாதிரி இருக்கும். மூடி மட்டும் அசையாது. இத்தனை வருடங்களில் இந்தக் குழாய் ஒருமுறைகூட அடைத்ததில்லை. மெல்லிய குழாயை வாங்காதீர்கள். ஏர்லாக்குக்கு நேரும் அதே கதிதான் அதற்கும்.

குறை என்றால் கழுவுவதுதான். காய்ந்த நுரை உட்புறம் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது; கழற்றிய கையோடு வெந்நீரில் ஊறப்போட வேண்டும். இன்னொன்று, பீரைக் குளிரவைத்தால் உள்ளே காற்று சுருங்கி ஜாடித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். குளிரூட்டுவதற்கு முன்பே குழாயை எடுத்துவிடுங்கள்.

குழாய் இருக்கிறதே என்று வாளியை விளிம்புவரை நிரப்பினால் நல்ல பீர் ஜாடிக்குள் போய் வீணாகும். இந்த ஈஸ்ட்டுக்கு வாளியில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். 30 லிட்டர் வாளியில் 20 லிட்டரோடு நிறுத்திக்கொள்வதே சரி. நொதிக்கும்போது பீர் தானாகவே சூடேறும், அறையைவிடச் சில டிகிரி கூடிவிடும். ஆகவே ஈஸ்ட்டை 18 டிகிரியில் போட்டு, வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைக்கிறேன். நுரையின் ஆவேசம் பாதி அங்கேயே அடங்கிவிடுகிறது. ஃபெர்ம்கேப் என்ற நுரையடக்கிச் சொட்டுகளும் நுரையை உடைக்கும்தான். இடம் போதாத நாளுக்கு மட்டும் அதை வைத்திருக்கிறேன்.

இங்கிலாந்தின் பர்ட்டன் நகர மதுவாலைகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு வழி கண்டிருந்தன. வரிசையாக அடுக்கிய மரப்பீப்பாய்களிலிருந்து நுரை வளைந்த குழாய் வழியே மேலேறித் தொட்டியில் விழும். ஈஸ்ட் அங்கே தங்க, பீர் திரும்பப் பீப்பாய்க்குள் இறங்கும். அங்குள்ள மார்ஸ்டன்ஸ் மதுவாலை 2024-ல் அந்த முறையைக் கைவிட்டபோது, பீப்பாய்களின் ஒரு தொகுதியைத் தார்ன்பிரிட்ஜ் என்ற இன்னொரு மதுவாலை எடுத்துக் காப்பாற்றியது. எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

கோதுமை பீர், கனமான ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் காய்ச்சுபவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். குளிரில் நிதானமாக நொதிக்கும் லாகர் மட்டும்தான் என்றால் ஏர்லாக்கே போதும்.