காசு உங்களிடம், வாக்கு யாரிடம்? நான்கு ஸ்டேக்கிங் வலையமைப்புகள் பற்றிய ஓர் ஒப்பீடு

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்திலோ லெனேசியாவிலோ பத்துக் குடும்பம் சேர்ந்து ஸ்டாக்வெல் என்னும் சேமிப்புக் குழு நடத்தினால், இரண்டு கேள்வி கேட்காமல் யாரும் ராண்டை எடுத்து வைப்பதில்லை. பணம் யார் கையில் இருக்கும்? அவர் தப்புச் செய்தால் நட்டம் யாருக்கு? தங்கள் கிரிப்டோ டோக்கனின் எடையை, வலையமைப்பை நடத்தும் ‘வேலிடேட்டர்’ ஒருவருக்கு ஒப்படைத்து வெகுமதி வாங்குவதுதான் ஸ்டேக்கிங். அதில் இறங்குகிறவர்கள் பலர் இந்த இரண்டையும் விட்டுவிட்டு, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்க்கிறார்கள். இங்கே அந்தச் சதவீதத்தை ஓரமாக வைத்துவிடுவோம். காஸ்மோஸ் ஹப், சோலானா, கார்டானோ, போல்காடாட் நான்கையும் மேற்சொன்ன இரண்டு கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்த்து உரசிப் பார்ப்போம்: நீங்கள் நம்பி நியமித்தவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? அவருடைய வாக்கு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

கீழே வரும் எண்கள் பலவும் அந்தந்த வலையமைப்பின் வாக்கெடுப்பால் மாறக்கூடியவை. ஒப்படைக்கும் அன்றைக்கு வாலட்டிலோ, சங்கிலியின் பதிவுகளைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் தளத்திலோ ஒருமுறை சரிபாருங்கள்.

முதல் வடிகட்டல்: அனுப்புவதா, ஒப்படைப்பதா?

இந்த நான்கிலும் ஒப்படைத்த டோக்கன் உங்கள் சாவிக்குக் கீழேதான் இருக்கிறது. ‘என் எடையை இந்த வேலிடேட்டர் கணக்கில் சேர்’ என்று நீங்கள் கையொப்பமிட்ட ஓர் உத்தரவு மட்டுமே சங்கிலியில் (பிளாக்செயினில்) ஏறுகிறது. வேலிடேட்டரால் அந்த டோக்கனை எடுத்துச் செலவழிக்க முடியாது. ஸ்டேக்கிங் என்று பெயர் சொல்லி ஒரு முகவரிக்கு ‘அனுப்பு’ என்று யாராவது கேட்டால் அது வேறு வியாபாரம். தென்னாப்பிரிக்காவில் இதைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 2020 இறுதியில் கவிழ்ந்த மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல் குறைந்தது 29,421 பிட்காயினை மக்களிடமிருந்து வாங்கியதாக அமெரிக்க நிதிச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான சிஎஃப்டிசி 2022-இல் தொடுத்த வழக்கு சொல்கிறது. அத்தனையும் மக்கள் தங்கள் கையாலேயே அனுப்பிவைத்தவை.

டோக்கன் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சுக்குள்ளேயே ஸ்டேக் பொத்தானை அழுத்துவது இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. கிரிப்டோவை நிதிப் பொருள் என்று தென்னாப்பிரிக்க நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்எஸ்சிஏ 2022 அக்டோபர் 19 அன்று அறிவித்தது. அதையொட்டி கிரிப்டோ சேவை தருவோருக்கு உரிமம் கட்டாயமானது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உங்கள் டோக்கனின் வாக்கை யார் போடுவார் என்பதற்கு அந்த உரிமத்தில் பதில் இல்லை. 2020 மார்ச் தொடக்கத்தில் ஸ்டீம் சங்கிலியில் நடந்தது இதுதான்: பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் ஆகிய எக்ஸ்சேஞ்சுகள், வாடிக்கையாளர்கள் தங்களிடம் வைத்திருந்த டோக்கன்களின் வாக்கெடையைக் கொண்டு, வலையமைப்பை நடத்தும் சாட்சிகளை (அங்கே வேலிடேட்டருக்கு அதுதான் பெயர்) ஒரே வீச்சில் மாற்றின. வாக்குக்காகப் பூட்டிய டோக்கனை முழுதாக விடுவிக்க 13 வாரம் ஆகும் சங்கிலி அது. எதிர்த்தவர்கள் மார்ச் 20 அன்று ஹைவ் என்று தனியே பிரிந்து போனார்கள். ராண்டைக் கொடுத்து டோக்கன் வாங்க எக்ஸ்சேஞ்ச் வேண்டும், அதில் தவறில்லை. வாங்கியதை அங்கேயே விட்டுவைத்தால் வாக்கும் அங்கேயே தங்கிவிடும்.

காஸ்மோஸும் சோலானாவும்: ஒரே கேள்வி, இரண்டு பதில்

இரண்டிலும் பரிவர்த்தனைகளைத் தொகுத்துப் பிளாக் கட்டுகிறவரும் உங்களுக்காக வாக்குப் போடுகிறவரும் ஒரே ஆள். அவருடைய வருமானத்தில் ஒரு முக்கியப் பங்கு புதிதாக அச்சாகும் டோக்கனிலிருந்து எடுக்கும் கமிஷன். ஆகவே ‘அச்சடிப்பதைக் குறைக்கலாமா?’ என்ற முன்மொழிவு வந்தால், நீங்கள் நியமித்தவர் தன் சம்பளத்தைக் குறைக்கத் தானே கை தூக்க வேண்டியிருக்கும். இரண்டு சங்கிலிகளிலும் அந்தச் சோதனை வந்தது.

காஸ்மோஸ் ஹப்பில் 2023 நவம்பரில் வந்த 848-ஆம் முன்மொழிவு, பணவீக்கத்தின் (ஆண்டுக்குப் புதிதாக அச்சடிக்கும் அளவின்) உச்ச வரம்பை 20 சதவீதத்திலிருந்து 10 ஆக்கச் சொன்னது. சிறிய வேலிடேட்டர்கள் பிழைக்க முடியாது என்ற எதிர்ப்பு பலமாக எழுந்தது. மயிரிழையில் நிறைவேறியது. சோலானாவில் 2025 மார்ச்சில் வந்த, அச்சடிப்பைக் குறைக்கும் நோக்கம் கொண்ட எஸ்ஐஎம்டி-228 முன்மொழிவு, ஏறத்தாழ 61 சதவீத ஆதரவு பெற்றும் மூன்றில் இரண்டு பங்கைத் தொடாமல் விழுந்தது. சோலானா வேலிடேட்டர் அப்போது வாக்குப் பரிவர்த்தனைக் கட்டணமாக மட்டும் நாளுக்கு ஏறத்தாழ 1 சோல் (சோலானாவின் டோக்கன்) கட்டிக்கொண்டிருந்தார். சிறியவருக்கு அந்தச் செலவை ஈடுகட்டுவதே பணவீக்கக் கமிஷன்தான். அவர் எதிர்த்ததில் வஞ்சகம் எதுவும் இல்லை, பிழைப்புதான்.

வேறுபாடு ஒப்படைத்தவருடைய உரிமையில் இருக்கிறது. காஸ்மோஸில் நீங்கள் பேசாமல் இருந்தால் வேலிடேட்டரின் வாக்கே உங்கள் வாக்கு. 14 நாள் வாக்கெடுப்புக்குள் நீங்களே போட்டுவிட்டால் உங்கள் எடை மட்டும் அவரிடமிருந்து கழன்று உங்கள் பக்கம் வந்துவிடும். 40 சதவீதம் குறைந்தபட்ச வருகை தேவைப்படும் இடத்தில் இந்த ‘மௌனம் சம்மதம்’ ஏற்பாடு இல்லாவிட்டால் எதுவும் நிறைவேறாது. அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். சோலானாவின் அந்த வாக்கெடுப்பில் ஒப்படைத்தவருக்கு அப்படி ஒரு வழியே இருக்கவில்லை. பிடிக்காவிட்டால் ஸ்டேக்கை வேறு வேலிடேட்டருக்கு மாற்றலாம், அவ்வளவுதான். இந்த ஒரு காரணத்துக்காகவே எங்கள் கணக்கில் காஸ்மோஸ் முன்னே நிற்கிறது.

கமிஷன் விஷயத்திலும் அப்படியே. காஸ்மோஸ் வேலிடேட்டர் பக்கத்தில் மூன்று எண்கள் இருக்கும்: இப்போதைய கமிஷன், உச்ச கமிஷன், ஒரு நாளில் மாற்றக்கூடிய அளவு. கடைசி இரண்டும் வேலிடேட்டர் தொடங்கிய அன்றே நிலைத்துவிடும், பிறகு கூட்ட முடியாது. 5, 20, 1 என்று இருந்தால் அவர் ஒரு நாளைக்கு ஒரு புள்ளிக்கு மேல் ஏற்ற முடியாது, 20-ஐத் தாண்டவும் முடியாது. உங்களுக்குக் கவனிக்க இரண்டு வாரம் கிடைக்கிறது. 5, 100, 100 என்று இருந்தால் நாளைக் காலையில் அது 100 ஆகலாம். முதல் எண்ணை மட்டும் காட்டும் வாலட்கள் உண்டு. எக்ஸ்ப்ளோரரைத் திறந்து மற்ற இரண்டையும் பாருங்கள். சோலானாவில் இப்படிப்பட்ட வேலி கிடையாது. ஆள் சேரும்வரை 0 வைத்திருந்துவிட்டு ஓர் எப்போக்கில் (வெகுமதி கணக்கிடும் ஒரு சுற்றில்) 100 ஆக்குவது அங்கே பழகிப்போன திருட்டு. எப்போக் இரண்டு மூன்று நாள்தான் என்பதால் வெளியேறுவது விரைவு. ஆனால் யாராவது கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மின்வெட்டு: பயப்பட வேண்டியது மின்சாரம் திரும்பும்போது

உள்ளூர் வேலிடேட்டரை நம்பலாமா, லோட்ஷெடிங் வந்தால் ஸ்டேக் போய்விடாதா என்பது இந்த நாட்டில் இயல்பாக வரும் கேள்வி. கணக்குப் போட்டால் பயம் இடம் மாறும். காஸ்மோஸ் ஹப்பில் கடைசி 10,000 பிளாக்கில் 9,500-ஐத் தவறவிட்டால்தான் ‘வேலைக்கு வரவில்லை’ தண்டனை. பிளாக்குக்கு 6 விநாடி என்றால் ஏறத்தாழ 16 மணி நேரம். இரண்டு மணி, நான்கு மணி மின்வெட்டுகள் அந்தக் கோட்டை நெருங்காது. தாண்டினாலும் ஸ்டேக்கிலிருந்து அபராதமாகப் பிடிக்கும் ‘வெட்டு’ 0.01 சதவீதம்தான், 100 ATOM-க்கு (காஸ்மோஸ் ஹப்பின் டோக்கன்) 0.01 ATOM. வேலிடேட்டர் ‘சிறையில்’, அதாவது தற்காலிகமாக விலக்கப்பட்டு, இருக்கும் நேரத்துக்கு வெகுமதி வராது என்பதே பெரிய இழப்பு.

ஒரே உயரத்தில், அதாவது ஒரே பிளாக் எண்ணுக்கு, இரண்டு முறை கையொப்பமிட்டால் 5 சதவீதம் வெட்டு. ஒப்படைத்த ஒவ்வொருவருடைய பங்கிலும் விழும். வேலிடேட்டர் நிரந்தரமாக நீக்கப்படுவார். இதற்குத் தீய எண்ணம் தேவையில்லை. வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள முதன்மை இயந்திரம் மின்வெட்டில் அணைகிறது. பொறுப்பானவர் பதற்றத்தில் கிளவுடில் உள்ள மாற்று இயந்திரத்தை அதே சாவியோடு எழுப்புகிறார். வேலை நடக்கிறது. இரண்டு மணி நேரம் கழித்து மின்சாரம் வருகிறது. முதன்மை இயந்திரம் தானாகவே பூட் ஆகி, தானாகவே கையொப்பமிடத் தொடங்குகிறது. இப்போது ஒரே சாவி இரண்டு இடத்தில் உயிரோடு இருக்கிறது. சில விநாடிகளில் கதை முடிந்துவிடும்.

ஆகவே வேலிடேட்டரிடம் கேட்க வேண்டியது ‘இன்வெர்ட்டர் இருக்கிறதா’ என்பதைவிட ‘மாற்று இயந்திரத்துக்கு எப்படி மாறுகிறீர்கள்’ என்பது. சாவி டிஎம்கேஎம்எஸ் போன்ற தனிக் கையொப்பக் கருவியில் இருக்கிறது, அல்லது ஹார்க்ரக்ஸ் என்னும் மென்பொருள் மூலம் மூன்று இயந்திரத்தில் பிரித்து வைத்து இரண்டு சேர்ந்தால்தான் கையொப்பம் என்று பதில் வந்தால் திருப்தி. ‘தானாகவே மாறிவிடும்’ என்று மட்டும் சொன்னால் விலகிவிடுங்கள். வேறொருவருக்கு மாற்றினாலும், பழைய வேலிடேட்டர் முன்பு செய்த தப்புக்கான வெட்டு 21 நாள் வரை உங்களைத் தொடர்ந்து வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கார்டானோ: இரண்டு வேலைக்கு இரண்டு ஆள்

இங்கே ஒப்படைத்தவருக்கு வெட்டும் இல்லை, பூட்டும் இல்லை. டோக்கனை எந்த நிமிடமும் செலவழிக்கலாம். பூல் (கார்டானோவில் வேலிடேட்டரின் வேலையைச் செய்வது) தூங்கினால் வெகுமதி குறையும், முதல் தொகை குறையாது. வெகுமதியைச் சங்கிலியே நேராகப் பகிர்கிறது. டெசோஸ் என்னும் வேறொரு வலையமைப்பில் சாதாரண ஒப்படைப்புக்கு ‘பேக்கர்’ எனப்படும் அதன் வேலிடேட்டர் தன் கணக்கிலிருந்து அனுப்பினால்தான் உங்கள் பங்கு வரும். அந்த வகை நம்பிக்கை கார்டானோவில் தேவையில்லை. முதல் வெகுமதி வர மூன்று வாரம்வரை ஆகலாம், எதுவும் கெட்டுப்போகவில்லை.

ஏமாறும் இடம் நிலைக்கட்டணம். பூல் தன் மார்ஜின் (கமிஷன்) சதவீதத்துக்கு முன்னால் ஓர் எப்போக்குக்கு, அதாவது 5 நாளுக்கு, ஒரு நிலையான தொகையை எடுக்கிறது. குறைந்தபட்சம் 340 ஏடிஏவாக (ஏடிஏ கார்டானோவின் டோக்கன்) இருந்தது, 2023 அக்டோபரில் 170 ஆனது. பல பூல்கள் இன்னும் 340-ஐயே வைத்திருக்கின்றன. ‘மார்ஜின் 2 சதவீதம்’ என்று போட்ட இரண்டு பூல்களை எடுத்துக்கொள்ளுங்கள். எப்போக்கில் 20,000 ஏடிஏ ஈட்டும் பூலில் 340-ம் மீதியில் 2 சதவீதமும் போனால் ஒப்படைத்தவர்களுக்கு 96.3 சதவீதம் மிஞ்சும். 500 ஏடிஏ ஈட்டும் சிறு பூலில் அதே கட்டணம் போனால் மிஞ்சுவது 156.8 ஏடிஏ, அதாவது 31 சதவீதம். சிறு பூலை ஆதரிக்க விரும்புகிறவர்கள் 170 வைத்திருப்பவரைத் தேடுங்கள், அங்கே ஏறத்தாழ 65 சதவீதம் மிஞ்சும்.

ஆட்சி பக்கம்தான் எங்களுக்குப் பிடித்தது. 2024 செப்டம்பர் 1 அன்று வந்த சாங், 2025 ஜனவரி 29 அன்று வந்த பிளோமின் ஆகிய இரண்டு மாற்றங்களுக்குப் பிறகு, பூலை ஒருவருக்கும் வாக்கை டிரெப் என்னும் வேறொருவருக்கும் தனித்தனியே கொடுக்கிறீர்கள். கோயில் சங்கப் பொதுக்கூட்டத்துக்குப் போக முடியாதவர் பொருளாளர் கையிலேயே தன் வாக்கையும் திணிக்காமல், தான் நம்பும் வேறொரு உறுப்பினரிடம் பதிலாள் படிவம் கொடுப்பது போல. வெகுமதியை எடுக்க வேண்டுமானால் டிரெப்பையோ ‘எப்போதும் விலகல்’ போன்ற தெரிவையோ குறித்தே ஆக வேண்டும்.

குறையும் உண்டு. டிரெப் ஆக 500 ஏடிஏ வைப்பு வைக்க வேண்டும், செய்யும் வேலைக்கு வலையமைப்பின் நெறிமுறை (புரோட்டோகால்) சம்பளம் தருவதில்லை. சம்பளமில்லாத வேலையில் ஆள் களைத்துப்போவார், 20 எப்போக் செயல்படாமல் இருந்தால் செயலற்றவராகிவிடுவார், உங்கள் எடையும் கணக்கிலிருந்து விழுந்துவிடும். கருவூலத்தில் பணம் கேட்கிறவரே டிரெப்பாகவும் இருக்கலாம், விதி தடுக்கவில்லை. அவர் கடைசியாகப் போட்ட பத்து வாக்குக்கும் காரணம் எழுதியிருக்கிறாரா, தன் சொந்த முன்மொழிவில் விலகி நின்றாரா என்று பாருங்கள். அரை மணி நேர வேலை.

போல்காடாட்

நால்வரில் கடினமானதும் நுட்பமானதும் இதுதான். 16 வேலிடேட்டர்வரை பெயர் குறிக்கலாம். யாருக்கு எவ்வளவு எடை என்பதைச் சங்கிலி கணக்கிட்டுப் பிரிக்கும். ஒரு வேலிடேட்டருக்குப் பின்னால் எவ்வளவு ஸ்டேக் இருந்தாலும் சம்பளம் ஏறக்குறைய சமம் என்பதால், ஆதரவு குறைந்தவரிடம் சேர்ந்தால் உங்கள் பங்கு கூடும். கூட்டம் ஒரே இடத்தில் குவியாமல் இருக்க இதைவிட நல்ல தூண்டுதல் மற்ற மூன்றிலும் இல்லை. மறுபக்கம், நெடுங்காலம் நடப்பில் இருந்த விதிப்படி, வெட்டு விழுந்தால் பெயர் குறித்தவர்களுக்கும் விழும், வெளியேற 28 நாள் ஆகும்.

வாக்கில் ‘உறுதி’ என்று ஒரு பெருக்கல் உண்டு. பூட்டாமல் போட்டால் 0.1 மடங்கு, 7 நாள் பூட்டினால் 1, 28 நாளுக்கு 3, 224 நாளுக்கு 6. ஸ்டேக் பூட்டும் வாக்குப் பூட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். ஸ்டேக்கிலிருந்து வெளியேற 28 நாள் என்ற விதி நடப்பில் இருக்கும்வரை, ஸ்டேக் செய்தவருக்கு 3 மடங்கு உறுதியில் கூடுதல் செலவு எதுவும் இல்லை. பலர் இதைத் தெரியாமல் 1-லேயே நிறுத்திவிடுகிறார்கள். வாக்கை முன்மொழிவின் வகைவாரியாக, தடம் தடமாகவும் ஒப்படைக்கலாம்: சிறு செலவுத் தடம் ஒருவருக்கு, மென்பொருளையே மாற்றும் ரூட் தடம் இன்னொருவருக்கு.

எத்தீரியத்தை ஏன் சேர்க்கவில்லை என்றால், அங்கே நெறிமுறைக்குள் ஒப்படைப்பு இல்லை. லீடோ போன்ற இடைநிலையாளர் வழியாகப் போனால் ஈத் (எத்தீரியத்தின் டோக்கன்) உங்களுடையது, முடிவு லீடோவின் எல்டிஓ டோக்கன் வைத்திருப்பவருடையது. லீடோ தன் வளர்ச்சிக்குத் தானே வரம்பு போடலாமா என்று 2022 ஜூனில் கேட்டபோது ஏறத்தாழ 99 சதவீத வாக்கு ‘வேண்டாம்’ என்றது. 2025-இல் வந்த இரட்டை ஆட்சி முறை, எஸ்டிஈத் (ஈத்துக்கு ஈடாக லீடோ தரும் டோக்கன்) வைத்திருப்பவருக்குத் தடுக்கும் அதிகாரம் தருகிறது. தாமதமான, ஆனால் சரியான திருத்தம்.

யாருக்கு எது?

20,000 ராண்டை ஒதுக்கிவிட்டு மாதத்துக்கு ஒருமுறைதான் திரும்பிப் பார்ப்பேன் என்பவருக்குக் கார்டானோ. முன்மொழிவுகளைப் படிக்கும் பழக்கம் இருந்தால் காஸ்மோஸ், ஆனால் வாக்கை நீங்களே போடுங்கள். கமிஷன் மாற்றத்துக்கு எச்சரிக்கை அமைத்துக்கொள்ளத் தெரியாதவருக்குச் சோலானாவைப் பரிந்துரைக்க மாட்டோம்.

ஸ்டாக்வெல்லாகச் சேர்ந்து செய்கிறவர்களுக்குப் போல்காடாட். முதல் தொகையை ஐந்தில் மூன்று கையொப்பம் கேட்கும் கூட்டுக் கணக்கில் வையுங்கள். அன்றாட வேலைக்கு ஒருவரை ‘ஸ்டேக்கிங் பிராக்சி’ (பதிலாள்) ஆகவும், வாக்குக்கு வேறொருவரை ‘கவர்னன்ஸ் பிராக்சி’ ஆகவும் நியமிக்கலாம். இருவராலும் முதல் தொகையை நகர்த்த முடியாது. ஆனால் ஸ்டேக்கிங் பிராக்சி, வெகுமதி போய்ச் சேரும் முகவரியை மாற்ற முடியும். பிராக்சி அமைக்கும்போதே தாமதம் வைத்துவிட்டால் அவர் செய்யப்போவதை முன்கூட்டி அறிவித்தாக வேண்டும், மற்றவர்கள் அதற்குள் மறுக்கலாம். வெகுமதி வந்த தேதியையும் அன்றைய ராண்ட் மதிப்பையும் அதே ஆள் குறித்துவைக்கட்டும். தென்னாப்பிரிக்க வரித்துறையான சார்ஸ் இதற்கு வழக்கமான வருமான வரி விதிகளையே பொருத்துகிறது, வரி ஆண்டு பிப்ரவரி கடைசியில் முடிகிறது.