புதர் மண்டிய இடத்தைச் சுத்தம் பண்ணக் கொடுக்கிறீர்களா? வேரையும் மண்ணையும் பற்றிப் பேசாமல் பணம் கொடுக்காதீர்கள்

பல வருடங்களாக ஆள் நடமாட்டம் இல்லாமல் கிடந்த எங்கள் குடும்ப நிலத்தைச் சுத்தம் பண்ணித் தருகிறோம் என்று வந்த ஒரு நிறுவனம் எங்களை எப்படி ஏமாற்றியது என்பதை முழுசாக எழுதுகிறேன். பெயர் போடவில்லை. இதே வேலையை இதே விதமாகச் செய்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்பது விசாரித்த பிறகுதான் தெரிந்தது, அதனால் ஒருத்தர் பெயரைச் சொல்வதைவிட அவர்கள் எங்கே எப்படிக் கை வைக்கிறார்கள் என்று சொல்வதுதான் உங்களுக்கு உதவும்.

நிலத்தில் இருந்தது பெரும்பாலும் சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும், அவற்றின் மேல் படர்ந்த கொடிகளும். உள்ளே அப்பா வைத்த வேப்பமரங்கள் சில. வந்து பார்த்தவர் நன்றாகத்தான் பேசினார். "எல்லாத்தையும் தூரோட எடுத்துடுவோம் சார், கடைசில மருந்து அடிச்சு விட்டுட்டா மூணு வருஷத்துக்கு ஒரு புல் முளைக்காது" என்றார். வேறு இடங்களில் செய்த வேலையின் படங்களைக் காட்டினார், எல்லாம் வழித்துவிட்ட மாதிரி செம்மண் தரையாக அழகாகத்தான் இருந்தன. மொத்த வேலைக்கு ஒரு தொகை, பாதி அட்வான்ஸ் என்று பேச்சு முடிந்தது. அவர் கொடுத்த காகிதத்தில் 'புதர்களை அகற்றி இடத்தைச் சுத்தம் செய்து தருதல்' என்று ஒரே ஒரு வரி. வேர் பற்றியோ மண் பற்றியோ வெட்டிய முள் எங்கே போகும் என்பது பற்றியோ ஒரு சொல் கிடையாது. வாயால் சொன்னது வாயோடு போயிற்று.

ஜேசிபி வந்து பாதி வேலை நடந்துகொண்டிருக்கும்போது ஃபோன் வந்தது. உள்ளே கல் இருக்கிறது, பேசின தொகைக்குக் கட்டாது, இனிமேல் மணிக்கணக்குத்தான் என்றார்கள். பாதி வழித்த நிலமும் குவித்து வைத்த முள்ளும் கண்ணுக்கு முன்னால் இருக்க, வேறு யாரைக் கூப்பிட முடியும்? இந்த இடத்தில் மாட்டிவிடுவது அவர்களுடைய வழக்கமான வேலை என்று பிறகு இன்னொரு ஆபரேட்டர் சொன்னார். மணிக்கணக்கு என்றால் வண்டி வருகிற நேரம், டீசல் போடப் போன நேரம், சாப்பாட்டு நேரம் எல்லாம் பில்லில் ஏறும். வண்டியில் ஹவர் மீட்டர் என்று ஒன்று இருக்கிறது, இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும். வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் அதைப் படம் எடுத்து வைத்திருந்தால் எவ்வளவு கூட்டிச் சொன்னாலும் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம், அதிலும் இன்ஜினை ஓடவிட்டுவிட்டுச் சும்மா நிற்கிறார்களா என்று ஒரு ஆள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

வேலை முடிந்து பார்த்தபோது இடம் மைதானம் மாதிரிதான் இருந்தது. பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

முதல் நல்ல மழைக்குப் பிறகு உண்மை வெளியே வந்தது. நிலம் முழுக்கக் கொத்துக் கொத்தாகச் சீமைக்கருவேலத் துளிர். மண்ணைக் கையால் விலக்கிப் பார்த்தால் ஒவ்வொரு கொத்துக்கும் கீழே ஒரு அடிக்கட்டை. ஒன்றையும் பிடுங்கவில்லை. தரை மட்டத்துக்கு அறுத்து, ஜேசிபியின் மண் அள்ளும் பக்கெட்டால் மேலே மண்ணை இழுத்து மூடியிருக்கிறார்கள். இந்த மரத்தைப் பற்றித் தெரிந்து நேர்மையாக வேலை செய்கிறவர் யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள், இவர்கள் தெரிந்தேதான் செய்தார்கள். இதன் துளிர் மொட்டுகள் தண்டுக்கும் வேருக்கும் நடுவே, தரைக்குக் கீழே இருக்கின்றன. மேலே வெட்ட வெட்ட ஒரு தண்டு இருந்த இடத்தில் பல தண்டுகள் கிளம்பும், முன்பு இருந்ததைவிட நெருக்கமாக. குறைந்தது 30 சென்டிமீட்டர் ஆழத்தில் வேரோடு சேர்த்து எடுத்தால்தான் அது சாகும். உண்ணிச்செடியும் அப்படித்தான், உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் அது சும்மா இடம் பிடிக்கவில்லை. தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டி எடுக்காவிட்டால் மறுபடி தழைத்துவிடும்.

அந்த 'மருந்து' விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை நம்பித்தான் நிறையப் பேர் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். அவர்கள் அடித்தது கிளைபோசேட். அது பச்சை இலை வழியாக உள்ளே போய்ச் செடியைக் கொல்கிற மருந்து. மண்ணில் விழுந்தால் மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிட்டத்தட்ட செயலற்றுப் போய்விடும். இலையே இல்லாத வெறும் தரையில் அதைத் தெளித்தால் விதைக்கும் ஒன்றும் ஆகாது, புதைந்து கிடக்கும் கட்டைக்கும் ஒன்றும் ஆகாது. சீமைக்கருவேல விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கக்கூடியது. மூன்று வருடம் முளைக்காது என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் அங்கேயே பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டைக்கு மருந்து வைப்பது என்பது வேறு வேலை. அறுத்த சில நிமிடங்களுக்குள், பட்டையை ஒட்டி உள்பக்கம் இருக்கும் ஈரமான வளையத்தில், தூரிகையால் தடவ வேண்டும். நேரம் கடந்து காய்ந்துவிட்டால் உள்ளே இறங்காது. ஒவ்வொரு கட்டையாகச் செய்ய வேண்டிய, பொறுமையான வேலை அது. முதுகில் டேங்க் மாட்டிக்கொண்டு கால் மணி நேரத்தில் சுற்றி வருகிறவர் அதைச் செய்யவில்லை.

சரி, துளிராவது மறுபடி வெட்டலாம், தோண்டலாம். போன மண் திரும்பாது. எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இதுதான். பக்கெட்டை ஆழமாக இறக்கி வழித்ததில் மேல்மண் முழுவதும் முள்ளோடு சேர்ந்து வாரப்பட்டது, டிப்பரில் 'கழிவு' என்று வெளியே போனதில் பாதிக்கு மேல் மண்தான். மக்கு, நுண்ணுயிர், சத்து எல்லாம் பெரும்பாலும் இருப்பது மேலே உள்ள 15, 20 சென்டிமீட்டரில். ஒரு அங்குல மேல்மண் உருவாகச் சில நூறு ஆண்டுகள் ஆகும். இத்தனை வருடம் புதர் உதிர்த்த இலையெல்லாம் மக்கிச் சேர்ந்திருந்த நல்ல மண், அதை யாரோ எங்கேயோ தோட்டத்துக்கு விற்றிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். மிச்சம் இருப்பது வெளிறிய கடினமான அடிமண். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் வாய்க்கால் பறித்துக்கொண்டு ஓடுகிறது.

வெளியே போகாத முள்ளெல்லாம் என்ன ஆயிற்று என்றும் மழைதான் காட்டியது. ஒரு மூலையில் தரை உள்வாங்கியது. குழி தோண்டிப் புதைத்து மேலே மட்டம் தட்டியிருக்கிறார்கள். மரக்கழிவு மக்க மக்க மேலே உள்ள மண் இறங்கிக்கொண்டேதான் இருக்கும், கறையானும் வரும். அந்த இடத்தில் சுவரோ தொட்டியோ கட்டியிருந்தால் விரிசல் விட்டிருக்கும். நீங்கள் வீடு கட்டுவதற்காக இடத்தைச் சுத்தம் பண்ணுகிறீர்கள் என்றால், தயவுசெய்து, இந்த ஒரு விஷயத்துக்காகவாவது வேலை நடக்கும்போது ஒருவர் கூடவே நில்லுங்கள்.

வேப்பமரங்களை வெட்டவில்லை. ஆனால் அடிமரம் வரை வண்டியை ஓட்டி, சுற்றி வழித்து, ஒன்றின் மேல் மண்ணையும் குவித்து வைத்துவிட்டுப் போனார்கள். மரத்தின் சத்து உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல் அரை மீட்டரில்தான் இருக்கும், கிளை நிழலையும் தாண்டிப் பரவியிருக்கும். அவற்றை அறுத்தாலும் கனத்த வண்டியால் நசுக்கினாலும் மரம் உடனே சாகாது, ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து உச்சியிலிருந்து காயத் தொடங்கும். அப்போது யாரும் காண்ட்ராக்டரை நினைக்கமாட்டார்கள், நோய் என்றுதான் நினைப்பார்கள். எங்கள் மரங்களில் இரண்டு இப்போது அப்படிக் காய்ந்துகொண்டிருக்கின்றன. எல்லைக்கல்லும் காணாமல் போயிருந்தது, அதனால் பக்கத்து நிலக்காரரோடு இல்லாத மனவருத்தம் வந்தது.

கேட்டபோது கிடைத்த பதில்: "வேர் எடுக்கறது தனி வேலை சார், சுத்தம் பண்றோம்னுதான் எழுதியிருக்கு." அதற்கு அப்புறம் ஃபோனை எடுக்கவே இல்லை.

இப்போது மீதியைச் சரி செய்ய வந்திருக்கும் பெரியவர் இந்த வேலையிலேயே தலை நரைத்தவர். அவர் முதலில் கேட்டதே, "இந்த நிலத்தை என்ன பண்ணப் போறீங்க தம்பி?" என்றுதான். விவசாயம் என்றால் ஒரு விதம், வீடு என்றால் ஒரு விதம், சும்மா பராமரிக்க என்றால் வேறு விதம். முன்பு வந்தவர் அதைக் கேட்கவே இல்லை. எல்லா இடத்தையும் ஒரே பக்கெட்டால் வழிக்க வேண்டியதில்லை என்கிறார் இவர். சிறு புதர் மட்டும் என்றால் அந்த இடத்திலேயே அரைத்துத் தரையில் பரப்பிவிடும் மல்ச்சர் இயந்திரம் போதும், மண்ணும் மூடியிருக்கும், மழையில் கரையாது. வேரும் வர வேண்டும் என்றால் பக்கெட்டுக்குப் பதில் பல் வைத்த ரேக் மாட்டச் சொல்ல வேண்டும், அது வேரை இழுத்துக்கொண்டு மண்ணைக் கீழே விட்டுவிடும். ஈரத்தில் கனத்த வண்டியை இறக்கவே கூடாது, மண் இறுகிப்போகும். ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி மறுபக்கம் நோக்கித்தான் போக வேண்டும், உள்ளே இருக்கும் பாம்பும் மற்றதும் வெளியேற வழி வேண்டும். கைவிட்ட கிணறு இருக்கிறதா என்று ஆள் நடந்து பார்க்காமல் வண்டியை உள்ளே விடுவது உயிருக்கே ஆபத்து.

காகிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். கட்டையை எத்தனை ஆழத்துக்கு எடுப்பது, மேல்மண் நிலத்திலேயே இருக்கும் என்பது, முள் எங்கே போகும், புதைப்பதும் எரிப்பதும் கிடையாது, நிற்க வேண்டிய மரங்கள் எவை, எல்லைக்கல் போனால் மறுபடி அளந்து நடும் செலவு யாருடையது, கூடுதல் வேலை வந்தால் முன்கூட்டி எழுத்தில் சம்மதம். மரங்களைச் சுற்றிக் கயிறும், கற்களுக்குப் பெயின்டும், வேலைக்கு முன்பே படங்களும். விறகை எடுத்துக்கொண்டு இலவசமாகச் செய்து தருகிறேன் என்பவர் வந்தால் அவருக்கு வேண்டியது தரைக்கு மேலே இருப்பது மட்டும்தான், வேரைத் தொடமாட்டார். பணத்தில் ஒரு பங்கை முதல் மழை முடிந்து துளிர் பார்க்கும் வரை நிறுத்தி வையுங்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாதவரை அனுப்பிவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டவர்கள் துளிரை மேலோடு வெட்டிக்கொண்டே இருக்காதீர்கள், பலன் இல்லை. மழைக்குப் பிறகு மண் இளகி இருக்கும்போது ஒவ்வொரு கொத்தையும் சுற்றித் தோண்டிக் கட்டையோடு எடுங்கள். அது காய் விடும் முன்பே முடித்துவிடுங்கள், ஆடு மாடு அந்தக் காயைத் தின்றால் சாணத்தோடு விதை நிலம் முழுக்கப் பரவிவிடும்.