ஏழு புத்தகப் பெட்டி: பன்னிரண்டு வருட அனுபவம்

போன வாரம் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். அலமாரியில் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு, "மாமா, ஏழும் இருக்கே, கதை முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டான். 2013-இல் இதை வாங்கும்போது நான் கடைக்காரரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' வரிசைதான். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரைப் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும், அதனால் அதற்குள் போகவில்லை. பெட்டியில் புத்தகம் ஏழு, நாவல் ஐந்து. பிரிட்டன் பதிப்பில் மூன்றாவது நாவலையும் ஐந்தாவதையும் இரண்டிரண்டாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். மார்ட்டின் திட்டமிட்டிருக்கும் மொத்த நாவல்களும் ஏழு, அதில் கடைசி இரண்டு இன்னும் வரவில்லை. எண்ணிக்கை பொருந்திவிடுவதால் புதிதாக வாங்குகிறவருக்குச் சந்தேகமே வராது. எனக்கும் வரவில்லை. கடைசிப் புத்தகத்தின் முடிவில் முக்கியப் பாத்திரமான ஜான் ஸ்னோ கத்திக்குத்துப் பட்டு விழுகிறான். வலது கையில் இன்னும் தடிமனாகப் பக்கங்கள் இருக்கின்றன, எப்படியும் காப்பாற்றிவிடுவார்கள் என்று புரட்டினேன். கொஞ்ச நேரத்தில் கதை நின்றுவிட்டது. மீதி இருந்த தடிமன் பின்னிணைப்பு, எந்தக் குடும்பத்தில் யார் யார் என்ற பட்டியல். அன்று ராத்திரி வெகு நேரம் தூக்கம் வரவில்லை.

இப்போது எழுத உட்கார்ந்ததற்கு அக்கா மகனின் கேள்வி ஒரு காரணம், பைண்டிங் இன்னொரு காரணம். மூன்றாம் நாவலின் இரண்டாம் பாகம் நடுவில் பிளந்து, பக்கங்கள் கொத்தாகக் கழன்று வந்துவிட்டன. எந்த இடத்தில் என்று பார்த்தால், ஓநாய்ச் சின்னக் குடும்பத்து ராஜாவையும் அவன் ஆட்களையும் விருந்திலேயே வெட்டிக் கொல்லும் அந்தக் கல்யாண விருந்து அத்தியாயம். அதைத்தான் அதிகம் பிரித்துப் படித்திருக்கிறேன். பள்ளிக்கூட நோட்டுகளுக்கு பைண்டிங் போடும் பெரியவரிடம் கொடுத்தேன். முதுகில் இருந்த பழைய பசையைச் சுரண்டி எடுத்து, ஓரமாகத் துளை போட்டு நூல் கோத்து, காலிகோ துணி ஒட்டி, அட்டை போட்டுக் கொடுத்தார். உட்பக்க ஓரத்து எழுத்துகள் கொஞ்சம் உள்ளே போய்விட்டன, ஆனால் இனி ஒரு தாள்கூடக் கழன்று வராது.

திரும்பி வந்த புத்தகத்தை எடுத்து வைக்க மனமில்லாமல் இன்னொரு முறை படித்தேன், அப்புறம் இரண்டாம் நாவலுக்குப் போனேன். அங்கே ஒரு மாய வீட்டில், இன்னொரு முக்கியப் பாத்திரமான டெனேரிஸ் பல காட்சிகளைப் பார்க்கிறாள். அதில் ஒன்று, பிணங்கள் கிடக்கும் விருந்து. நடுவில் ஓநாய்த் தலையோடு ஒரு ராஜா, கையில் செங்கோல் மாதிரி ஆட்டுக்கால். முதல் வாசிப்பில் ஏதோ கனவு என்று தாண்டிப் போயிருக்கிறேன். அது அடுத்த நாவலின் கல்யாண விருந்து! மார்ட்டின் முன்கூட்டியே முழுசாகக் காட்டிவிட்டார், நான்தான் பார்க்கவில்லை. இந்தப் பெட்டி எனக்குக் கொடுத்த சந்தோஷம் இதுதான். நான்கு முறை படித்துவிட்டேன், நான்கு முறையும் புதிதாக ஒன்று கையில் கிடைத்தது. அடுத்த நாவல் சீக்கிரம் வந்திருந்தால் இத்தனை முறை திரும்பிப் போயிருப்பேனா என்று தெரியவில்லை.

எரிச்சல் புத்தகத்தில் இல்லை, செய்திகளில் இருக்கிறது. ஆறாவது நாவலான 'தி விண்ட்ஸ் ஆஃப் விண்டர்' பெயரைப் போட்டு, செய்தி வந்தால் போனுக்குத் தகவல் வருகிற மாதிரி வைத்திருந்தேன். ஆரம்பத்தில் அது நல்ல துணை. 2014-இல் அதிலிருந்து ஆர்யா என்ற பாத்திரத்தின் அத்தியாயம் ஒன்றை மார்ட்டின் முன்கூட்டியே வெளியிட்டார், அடுத்த ஆண்டு அவள் அக்கா சான்சாவின் அத்தியாயம். இரண்டையும் அச்செடுத்துக் கடைசிப் புத்தகத்துக்குள் செருகி வைத்தேன். 2016 ஜனவரி 2 அன்று, கெடு தாண்டிவிட்டது, இன்னும் முடியவில்லை என்று அவரே நேர்மையாக எழுதினார். வருத்தமாக இருந்தது, கோபம் வரவில்லை. 2022-இல் முக்கால்வாசி முடிந்தது என்றார், அடுத்த ஆண்டு சுமார் 1,100 பக்கம் என்றார். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் உருப்படியான செய்தி என்றால் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். போனில் வந்ததோ வாரத்துக்கு நாலைந்து. அவர் வேறு எதைப் பற்றிப் பேசினாலும் தலைப்பில் இந்த நாவலின் பெயர் இருக்கும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு ஒரு நொடி நின்று, அப்புறம் திறந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. அதைவிட மோசம், எழுபதைத் தாண்டிய மனிதரின் ஆயுளைக் கணக்குப் போட்டு எழுதும் கட்டுரைகள். அதைப் படிக்கும்போது உண்மையிலேயே கை நடுங்கும். போன மாதம் அந்தத் தகவல் சேவையை நிறுத்திவிட்டேன்.

தாமதத்துக்குக் காரணம் சோம்பல் என்று சொல்பவர்களை நான் ஏற்கமாட்டேன். முதல் மூன்று நாவல்கள் 1996, 1998, 2000 என்று வந்தவை. அதன்பின் கதையில் ஐந்து வருடம் தாவிச் செல்லத்தான் நினைத்தார். எழுதிப் பார்த்தபோது பின்னோக்கிய நினைவுகளாகவே போனதால் அந்தத் திட்டத்தையே கைவிட்டார். அப்புறம் கதையில் வரும் மீரீன் நகரத்துக்கு யார் எப்போது வந்து சேர்வது என்ற சிக்கல். பாரிஸ்டன் என்ற பாத்திரத்தின் பார்வையில் எழுத ஆரம்பித்த பிறகுதான் அது அவிழ்ந்தது. சரியில்லை என்று பட்டால் எழுதியதைத் தூக்கிப் போடுகிறவர் அவர். அப்படிப்பட்டவரால்தான் அந்த ஆட்டுக்காலை ஒரு நாவல் முன்னாலேயே வைக்க முடிந்தது.

ஆனால் நாலாவது நாவலின் கடைசியில் அவர் எழுதிய குறிப்பை இன்னும் என்னால் அமைதியாகப் படிக்க முடியவில்லை. பாதிப் பாத்திரங்கள் ஏன் வரவில்லை என்று விளக்கிவிட்டு, அடுத்த நாவல் அடுத்த ஆண்டு வந்துவிடும் என்று மனதார நம்புவதாகச் சொல்கிறார். அந்தக் குறிப்பு வந்தது 2005-இல். அடுத்த நாவல் வந்தது 2011-இல். அதை நம்பி ஆறு வருடம் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துக்கொள்கிறேன். அதைவிட இரண்டு மடங்கு நான் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா மகனிடம் இந்தப் பெட்டியை வாங்காதே என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் என்றால், பத்தொன்பது வயதுப் பையனை இந்தக் காத்திருப்பில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதே உலகத்தில் நடக்கும், டங்க், எக் என்ற இருவரின் கதைகள் மூன்றும் ஒரே தொகுப்பாக 2015-இல் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் அதனளவில் முடிந்துவிடும். அதைக் கொடுத்தனுப்பினேன்.

பைண்டிங் போட்டதில் அந்தப் புத்தகம் தடித்துவிட்டது, பெட்டிக்குள் நுழையவில்லை. ஆறு உள்ளே, அது மட்டும் பெட்டிக்கு மேலே படுத்திருக்கிறது.