கேஷ் கேம் சார்ட் என்று டோர்னமெண்ட் சார்ட்டை விற்கிறார்கள்: பணம் கட்டும் முன் படியுங்கள்

போக்கர் கேஷ் கேம் (நேரடியாகப் பணத்தை வைத்து ஆடி, எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடக்கூடிய மேஜை; டோர்னமெண்ட் என்பது நுழைவுக் கட்டணம் கட்டி ஆடும் போட்டி) கற்றுக்கொள்ள ஆரம்பிப்பவர்கள் முதலில் தேடுவது ப்ரீஃப்ளாப் சார்ட்டைத்தான், அதாவது பொதுச் சீட்டுகள் விழும் முன் என்ன செய்வது என்ற அட்டவணையை. கையில் வந்த இரண்டு சீட்டை ஆடலாமா, கவிழ்த்துவிடலாமா என்பதை ஒரே படத்தில் சொல்லிவிடும் என்பதால் நல்ல ஆரம்பமும்கூட. சார்ட் வைத்துக் கற்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தேவையை வைத்து ஒருவர் என்னை எப்படி ஏமாற்றினார் என்பதையும், அதே பொருள் உங்களிடம் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் சொல்லத்தான் இந்தப் பதிவு.

‘கேஷ் கேமுக்கான முழுத் தொகுப்பு, சால்வரில் எடுத்தது, சிறிய ஸ்டேக்கிலிருந்து பெரிய ஸ்டேக் வரை ஒரே சார்ட் போதும்’ என்று விளம்பரம். சால்வர் என்றால் சிறந்த ஆட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள், ஸ்டேக் என்றால் மேஜையின் பந்தய அளவு. கூடவே மேலே ஏறிக்கொண்டே போகும் ஒரு லாப வரைபடம். பணம் கட்டினேன். வந்தது சில படங்கள் மட்டும். எத்தனை பேர் மேஜைக்கு என்று எந்தப் படத்திலும் இல்லை. ஸ்டாக் (மேஜையில் நம் முன் இருக்கும் பணம்) எவ்வளவு, ரேஸ் (பந்தயத்தை உயர்த்துவது) எவ்வளவு, ரேக் (நடுவில் சேரும் பணத்திலிருந்து நடத்துபவர் எடுக்கும் பங்கு) கணக்கில் உண்டா, எதுவும் இல்லை. நாம் ரேஸ் செய்தபின் எதிராளி 3-பெட் (நம் ரேஸுக்கு மேல் இன்னொரு ரேஸ்) போட்டால் என்ன செய்வது என்ற பக்கங்களுக்குத் தனியாகப் பணம் கேட்டார். முழுத் தொகுப்பு என்று சொல்லி விற்றவர்தான் இப்படிக் கேட்டார்.

சரி, இருப்பதையாவது பார்ப்போம் என்று உட்கார்ந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஸ்மால் பிளைண்ட் (சீட்டு வரும் முன்பே கட்டாயமாகச் சிறு தொகை போடும் இடம்; அடுத்த இடமான பிக் பிளைண்ட் அதைப்போல இரு மடங்கு போடும்) பக்கத்தில், பட்டனில் (பொதுச் சீட்டுகள் விழுந்தபின் கடைசியாகப் பேசும் இடம்) இருப்பவர் ரேஸ் செய்தால் என்ன செய்வது என்ற படத்தில், சிவப்புக் கட்டங்கள் நிறைய இருந்தன. சிவப்பு என்றால் ஆல்-இன், அதாவது முன்னால் இருக்கும் பணம் முழுவதையும் தள்ளுவது. ஜோடி 4, ஏஸ்-5 சூட்டட் (இரண்டு சீட்டும் ஒரே சின்னம்) எல்லாம் சிவப்பு. கேஷ் கேமில் வழக்கமாக உட்காருவது 100 பிக் பிளைண்டோடு (தொகைகளைப் பிக் பிளைண்ட் கணக்கில்தான் சொல்வார்கள்). நடுவில் கிடப்பது நாலைந்து பிக் பிளைண்ட். அதை எடுக்க ஜோடி 4-ஐ வைத்து 100 பிக் பிளைண்டையும் தள்ளச் சொல்லும் சார்ட் எந்தக் கேஷ் மேஜைக்கும் உரியதல்ல. நம்மைவிட மோசமான கைகள் கவிழ்ந்துவிடும், பெரிய ஜோடிகளும் ஏஸ்-கிங் போன்ற வலுவான கைகளும்தான் கால் செய்யும் (அதே தொகையைப் போட்டுத் தொடரும்). 20, 25 பிக் பிளைண்ட் மட்டும் மிச்சமிருக்கும் டோர்னமெண்டில் அந்த ஆல்-இன் சரியான ஆட்டம். இன்னொரு படத்தின் மூலையை வெட்டியிருந்தார்கள், ஆனால் முழுதாக வெட்டவில்லை. ‘25’ என்ற எண்ணும் ‘ஆன்ட்டி’ என்ற சொல்லின் பாதியும் தெரிந்தன. ஆன்ட்டி என்பது பிளைண்டுகளுக்கு மேல் கூடுதலாகப் போடும் கட்டாயத் தொகை, சாதாரணக் கேஷ் கேமில் அது கிடையாது.

இதில் அதிகமாகப் பணம் கரையும் இடம் பிக் பிளைண்ட் பக்கம். ஜாக்-4 சூட்டட், கிங்-3 ஆஃப்சூட் (வெவ்வேறு சின்னம்), 8-6 ஆஃப்சூட் என்று பட்டனுக்கு எதிராகக் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கால் செய்யச் சொல்கிறது. ஏன் என்று கணக்குப் போட்டால் புரியும். டோர்னமெண்டில் பட்டன் 2 பிக் பிளைண்ட் ரேஸ் செய்கிறார், ஸ்மால் பிளைண்ட் கவிழ்த்துவிட்டார் என்று வையுங்கள். அந்த 2, ஸ்மால் பிளைண்டின் அரை, நம்முடைய 1, ஆன்ட்டி 1, ஆக 4.5 நடுவில் இருக்கிறது. நாம் இன்னும் 1 போட்டால் போதும், மொத்தம் 5.5. சுமார் 18 சதவீத ஈக்விட்டி (நடுவில் இருக்கும் பணத்தில் நம் கைக்குச் சராசரியாகச் சேரும் பங்கு) இருந்தாலே கால் செய்ய விலை கிடைக்கிறது. கேஷ் கேமில் பட்டன் 3 பிக் பிளைண்ட் ரேஸ் செய்தாலும் நடுவில் இருப்பது அதே 4.5 தான். ஆனால் நாம் போட வேண்டியது 2, மொத்தம் 6.5. தேவை கிட்டத்தட்ட 31 சதவீதமாக ஏறிவிடுகிறது. அதற்கு மேல் ரேக் வேறு. 5 சதவீதம் ரேக் எடுக்கும் மேஜையில் ஜெயித்த பாட் (நடுவில் சேர்ந்த பணம்) தொகையிலிருந்தும் ஒரு துண்டு போய்விடும். ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) விழுந்த பிறகு ஒவ்வொரு சுற்றிலும் நாம்தான் முதலில் பேச வேண்டும் என்பதால் கையில் இருக்கும் ஈக்விட்டியும் முழுதாகக் காசாகாது. அந்த ஜாக்-4-க்கு ஃப்ளாப்பில் ஜாக் விழுந்தால்கூட, பெரிய பெட்டைக் கால் செய்து கடைசியில் கிங்-ஜாக்கிடம் கொடுப்பதுதான் நடக்கிறது. ‘எந்த ஸ்டேக்குக்கும் ஒரே சார்ட்’ என்பதும் இதே காரணத்தால் பொய். பிக் பிளைண்ட் கணக்கில் பார்த்தால் சிறிய ஸ்டேக்கில்தான் ரேக் அதிகம் கடிக்கும். அங்கே சும்மா கால் செய்யும் கைகள் இன்னும் குறைய வேண்டும்.

படத்தின் தலைப்பில் போட்டிருந்த சதவீதமும் தவறு. முதல் ஆளாகப் பேசும் இடத்தில் ஆட வேண்டிய கைகள் ‘15 சதவீதம்’ என்று இருந்தது. சார்ட்டில் 169 கட்டங்கள்தான், ஆனால் எல்லாக் கட்டமும் சம எடை இல்லை. ஜோடி என்றால் 6 விதம், சூட்டட் 4, ஆஃப்சூட் 12, எல்லாம் சேர்த்து 1,326. வண்ணம் பூசிய கட்டங்களை இப்படிக் கூட்டினால் 262 வந்தது, அதாவது 20 சதவீதத்தை ஒட்டி. ஆறு பேர் மேஜையில் ஆன்ட்டியும் இருந்தால் அது ஏற்கக்கூடியதுதான். ஒன்பது பேர் கேஷ் மேஜையில் முதல் ஆளாக அதில் பாதி ஆடுவதே வழக்கம். எந்தச் சார்ட்டை வாங்கினாலும் இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள், பத்து நிமிட வேலை.

இதையெல்லாம் எழுதி விற்றவரிடம் கேட்டேன். ‘ஒழுங்காகப் பின்பற்றுங்கள், தோற்பதெல்லாம் வேரியன்ஸ்’ என்று பதில், அதாவது அதிர்ஷ்டத்தால் வரும் ஏற்ற இறக்கமாம். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். அந்த லாப வரைபடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது சுமார் 10,000 கைகளுக்கானது. ஆறு பேர் மேஜையில் 100 கைக்கு 90 பிக் பிளைண்ட் அளவு ஏற்ற இறக்கம் சாதாரணம். அந்தக் கணக்கில் 10,000 கைகளில் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே 900 பிக் பிளைண்ட் மேலேயோ கீழேயோ போகலாம். இவ்வளவு சிறிய படத்தை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. கற்க வருபவர்களுக்கு இது தெரியாது என்பதை நம்பித்தான் அதைக் காட்டுகிறார்கள். எனக்குக் கோபம் வருவதும் இதனால்தான்.

அப்புறம், அதே ஆள் ஒரு மென்பொருளையும் சேர்த்து விற்கிறார். நீங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே மேஜையைப் படித்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுமாம். அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆடும்போது இப்படி முடிவு சொல்லும் உதவியைப் பெரிய தளங்கள் தடை செய்திருக்கின்றன. பிடிபட்டால் கணக்கு முடங்கும், உள்ளே இருக்கும் பணமும் போகலாம். அச்சடித்த சார்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதற்குக்கூட தளத்துக்குத் தளம் விதி மாறுகிறது, படித்துவிட்டு உட்காருங்கள்.

சார்ட்டுக்குப் பணம் கொடுக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. 100 பிக் பிளைண்டுக்கான அடிப்படை ரேஸ் சார்ட்டுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எது வாங்கினாலும் எத்தனை பேர் மேஜை, ஸ்டாக் எவ்வளவு, ரேஸ் அளவு என்ன, ஆன்ட்டி உண்டா, ரேக் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் ஸ்மால் பிளைண்ட் பக்கத்தைத் திறந்து ஆல்-இன் வண்ணத்தைத் தேடிப் பாருங்கள். சிறிய ஜோடிகளில் அந்த வண்ணம் இருந்தால் அந்தத் தொகுப்போடு கேஷ் மேஜையில் உட்கார வேண்டாம். விளம்பரம், ரசீது, விற்றவரோடு நடந்த உரையாடல் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பணம் கட்டிய சேவையில் உடனே புகார் பதியுங்கள். கெடு முடிந்துவிட்டால் அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.