ரால்ஃபின் சங்கு, ஜாக்கின் கறி

வில்லியம் கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்' (1954) நாவலில், தீவில் மாட்டிக்கொண்ட சிறுவர்களுக்கு இரண்டு தலைமைகள் கிடைக்கின்றன.

ரால்ஃப் பக்கம் விதிகள்: சங்கு யார் கையிலோ அவருக்கே பேச்சு, கப்பல்களுக்குத் தெரிய மலையில் தீயும் புகையும் அணையக்கூடாது, குடிசை கட்ட வேண்டும். முதல் குடிசைக்கு எல்லோரும் வந்தார்கள். இரண்டாவதற்கு நாலு பேர். மூன்றாவதற்கு ரால்ஃபும் சைமனும் மட்டும். வராதவனை என்ன செய்வது? அதற்கு ரால்ஃபிடம் விதியே இல்லை.

ஜாக் அன்றன்றைக்கே பலன் காட்டினான், பன்றிக்கறியாக. முகத்தில் களிமண்ணும் கரியும் பூசியதும் கூச்சம் விட்டுப்போயிற்று. தீயைக் காக்க வேண்டிய இரட்டையரையும் அவன் வேட்டைக்கு இழுத்துப்போய்த் தீ அணைந்த நாளில்தான் கப்பல் ஒன்று கடந்துபோனது. ரால்ஃபை நீக்கக் கை தூக்கச் சொன்னபோது ஒரு கைகூட எழவில்லை. பிறகு சத்தமில்லாமல் நழுவி ஜாக்கிடமே சேர்ந்தார்கள்.

ஆனால் கறி சுடத் தீ வேண்டும். தீ, ரால்ஃப் பக்கமிருந்த பிக்கி என்ற சிறுவனின் மூக்குக்கண்ணாடியில் இருந்தது: அதில் வெயிலைக் குவித்துத்தான் மூட்டினார்கள். அதனால் ஜாக் கூட்டம் ராத்திரியில் அதைத் திருடியது. (பிக்கிக்குக் கிட்டப்பார்வை; அதற்குப் போடும் குழிவில்லை வெயிலைக் குவிக்காது, கோல்டிங் சறுக்கிய இடம்.) கண்ணாடியைத் திருப்பிக் கேட்கப் போனபோது ஜாக்கின் ஆள் ரோஜர் உருட்டிவிட்ட பாறையில் பிக்கி செத்தான், சங்கும் நொறுங்கியது. கடைசியில் கடற்படைக் கப்பலை வரவழைத்ததோ, ரால்ஃபை வெளியே விரட்ட ஜாக் கூட்டம் காட்டுக்கு வைத்த தீ.