பழைய கேம்: இலவசமாக இறக்குவதா, காசு கொடுத்து வாங்குவதா?

கடையில் இல்லை என்பதால் ஒரு கேமின் பதிப்புரிமை தீர்ந்துவிடாது. விற்பனையில் இல்லாத பழைய கேம்களை இலவசமாக இறக்கத் தரும் 'அபாண்டன்வேர்' தளங்கள் பலவும் இதைச் சொல்வதில்லை. அமெரிக்கச் சட்டப்படி, நிறுவனம் வெளியிட்ட படைப்புக்குப் பொதுவாக 95 ஆண்டு பாதுகாப்பு. 1990-ல் வந்த டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய கணினி இயங்குதளம்) கேம் 2085 முடியும்வரை யாரோ ஒருவரின் சொத்து. நிறுவனம் மூடினாலும் உரிமை வேறு கைக்கு மாறும், அவ்வளவே. சாதாரண ஆட்டக்காரர்மீது வழக்கு வருவது அபூர்வம்தான்; அதற்காக அது அனுமதி ஆகிவிடாது. கூடவே வைரஸ் பயமும் உண்டு.

வாங்கினால் தலைவலி குறைவு. 2008-ல் தொடங்கிய ஜிஓஜி என்ற இணையக் கேம் கடை, பல டாஸ் கேம்களை, அவற்றை இன்றைய கணினியில் ஓடவைக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருளோடு சேர்த்தே தருகிறது. நகல் தடுப்புப் பூட்டும் கிடையாது.

ஆனால் வாங்கக் கிடைத்தால்தானே? அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இப்போது விற்பனையில் இல்லை என்றது 2023-ல் வந்த ஓர் ஆய்வு. 'நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்' போன்றவை உரிமைக் குழப்பத்திலேயே சிக்கிக் கிடக்கின்றன. இங்கே சட்டம் யாரைக் காக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

என் வரிசை இதுதான்: முதலில் உரிமையாளரே இலவசமாக விட்டிருக்கிறாரா என்று பாருங்கள். 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' 2003-லும் 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்: அரீனா' 2004-லும் அப்படி வந்தவை. ('டூம்' மூலநிரல் 1997-ல் வெளியானது, அதன் படங்களும் நிலைகளும் அதில் சேராது.) அடுத்து கடை. இரண்டிலும் இல்லாவிட்டால்தான் அபாண்டன்வேர், அதுவும் சட்டமீறல் என்று தெரிந்தே.