ரோசேன் போன பிறகும் ஓடிய வீடு: 'தி கானர்ஸ்'

தொடரின் பெயரே அந்த நடிகையின் பெயர்தான். அவரையே வெளியே அனுப்பிவிட்டு, மிச்சம் இருந்தவர்களை அதே சோபாவில் உட்காரவைத்து இன்னும் ஏழு சீசன் ஓட்டிவிட்டார்கள். 'ரோசேன்', 'தி கானர்ஸ்' ஆன கதை இது. நடிகரைத் தூக்கிய தொடர்கள் எத்தனையோ உண்டு. தூக்கிய பிறகு இவ்வளவு உருப்படியாகக் கதை சொன்னது இது ஒன்றுதான் என்பது என் கட்சி.

முன்கதை தெரியாதவர்களுக்காக: 'ரோசேன்' 1988 முதல் 1997 வரை அமெரிக்காவின் ஏபிசி டிவியில் ஓடிய நகைச்சுவைத் தொடர். இல்லினாய்ஸ் மாநிலத்தில் லான்ஃபோர்ட் என்று ஒரு கற்பனை ஊர். மாசக் கடைசியில் எந்த பில்லை முதலில் கட்டுவது என்று யோசிக்கிற கானர் குடும்பம். வாய்த்துடுக்கான அம்மா ரோசேனாக ரோசேன் பார், அப்பா டேனாக ஜான் குட்மேன். 2018 மார்ச்சில் மறுபடி வந்தபோது முதல் நாளே 1 கோடியே 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். பழைய தொடரின் கடைசியில் டேன் செத்துப்போனதாகச் சொல்லியிருந்தார்கள் அல்லவா, அதை ஒரே ஜோக்கில் துடைத்துப்போட்டார்கள். குறட்டைக்கான முகமூடியோடு தூங்கிக்கொண்டிருக்கும் டேனை ரோசேன் பதறி எழுப்புவார், அவ்வளவுதான்.

அப்புறம் மே 29. ஒபாமாவின் ஆலோசகராக இருந்த வேலரி ஜாரெட் என்ற கறுப்பினப் பெண்மணியைக் குரங்கோடு சேர்த்து ட்விட்டரில் எழுதினார் ரோசேன் பார். அன்றைக்கே ஏபிசி தொடரை ரத்து செய்தது. ராத்திரி ஆம்பியன் தூக்க மாத்திரை போட்டிருந்தேன், அதனால்தான் என்று அவர் சொல்ல, அந்த மாத்திரையை விற்கும் சனோஃபி கம்பெனி, எல்லா மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு, ஆனால் எங்கள் மருந்து எதற்கும் நிறவெறி பக்கவிளைவு கிடையாது என்று பதில் போட்டது. நான் வேலை பார்ப்பது இங்கே இல்லினாய்ஸில் ஒரு மருந்துக்கடையில். அந்த வாரம் முழுக்கக் கவுண்டருக்குப் பின்னால் எங்களுக்கு இதே பேச்சுத்தான்.

ஜூன் மாதமே முடிவாகிவிட்டது: ரோசேன் பார் இல்லாமல், அவருக்குப் பணமோ பங்கோ எதுவும் போகாமல், மற்ற எல்லோரோடும் புதுப் பெயரில் தொடரும். அக்டோபர் 16 அன்று முதல் எபிசோட். அதில் அம்மா ரோசேன் செத்துப்போயிருந்தாள்.

அப்போது ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவும் கூடவே உட்கார்ந்து பார்த்தார். "எதுக்குடி அந்தம்மாவைச் சாகடிச்சாங்க? 'இவருக்குப் பதில் இவர்'னு போட்டுட்டுப் போக வேண்டியதுதானே?" என்றார். நம் சீரியல் பார்த்துப் பழகியவர் வேறென்ன கேட்பார்! "அம்மா, இவங்க அதையும் பண்ணிட்டாங்கம்மா" என்றேன். மூத்த மகள் பெக்கியாக நடித்த லேசி கோரன்சன் 1992இல் விலகிப் போனார். அடுத்த வருடம் சாரா சாக் அந்த இடத்துக்கு வந்தார். கோரன்சன் திரும்பி வர, சாக் மறுபடி வர, இருவரும் மாறி மாறி நடித்தார்கள். 'பிவிட்ச்ட்' தொடரில் புருஷனாக நடித்தவர் மாறியதைப் பற்றிக் கானர் குடும்பம் டிவி முன்னால் உட்கார்ந்து கிண்டலடிக்க, புது பெக்கி மட்டும் எனக்கு இரண்டாவது ஆளைத்தான் பிடிக்கும் என்பாள். அதுதான் இந்தத் தொடரின் குசும்பு. ஆனால் ரோசேன் இடத்தில் இன்னொருவரை உட்காரவைக்க யாராலும் முடியாது. அது அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

எப்படிச் சாகடிப்பது என்பதில்தான் எழுதியவர்களின் சாமர்த்தியம். 2018 வசந்தத்தில் வந்த 9 எபிசோடுகளிலேயே ரோசேனுக்கு முழங்கால் வலி. அறுவைச் சிகிச்சைக்குக் காசில்லை. வலி மாத்திரைகளைப் புருஷனுக்குத் தெரியாமல் ஒளித்து வைக்கிறாள். வீட்டின் அடித்தளத்தில் வெள்ளம் புகுந்து அரசு நிவாரணப் பணம் வரப்போக, ஆபரேஷனுக்கு வழி பிறக்கிறது. அந்த நடிகை போவார் என்று யாரும் நினைக்காதபோது எழுதிய கதை அது. 'தி கானர்ஸ்' அதே நூலைப் பிடித்துக்கொண்டது. மாரடைப்பு என்று குடும்பம் நம்பிக்கொண்டிருக்கிறது. ஓபியாய்ட் எனும் அடிமைப்படுத்தும் வலி மாத்திரை அளவு மீறிப் போனதுதான் காரணம் என்று பிரேதப் பரிசோதனை சொல்கிறது.

பிறகு ஒரு மாத்திரைப் புட்டி கிடைக்கிறது. அதன் லேபிளில் ரோசேன் பெயர் இல்லை, அந்த ஊர்க்காரி இன்னொருத்தியின் பெயர். அந்த இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த மாத்திரைகளை நாங்கள் பூட்டிய அலமாரியிலிருந்து எடுப்போம். தட்டில் கொட்டி, கரண்டியால் ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணுவோம். எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணுவோம். ரீஃபில் கிடையாது, ஒவ்வொரு தடவையும் புதுச் சீட்டு வேண்டும். இவ்வளவு பத்திரமாக எண்ணிக் கொடுத்தது கவுண்டரைத் தாண்டிய பிறகு யார் வீட்டுச் சமையலறைக்குப் போகிறது என்று எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. டாக்டருக்குக் கொடுக்கக் காசில்லாதவர்களிடையே மாத்திரை கைமாறுவது பெரிய கடத்தல் வேலை ஒன்றும் இல்லை, பக்கத்து வீட்டு உபகாரம். தொடர் அதை அப்படியே காட்டுகிறது. டேன் தன் லாரியில் அந்தப் பெண்மீது பழி சொல்லிப் பலகை எழுதி மாட்டுகிறார். அவள் வந்து நிற்கும்போது பார்த்தால் அவளும் அதே மாத்திரைக்கு அடிமை. ஜான் குட்மேனின் அந்த முகம் ஒன்றுக்கே முதல் எபிசோடைப் பார்க்கலாம். ரோசேனின் தங்கை ஜாக்கியாக வரும் லாரி மெட்காஃப், துக்கத்தில் அக்காவின் சமையலறையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று கிளம்புவது இன்னொரு பக்கம். சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது. ரோசேன் பார் மட்டும் அன்றிரவு, நான் ஒன்றும் சாகவில்லை என்று ட்விட்டரில் கெட்ட வார்த்தையோடு கத்தினார். அவர் கோபம் அவருக்கு.

இதை மற்ற தொடர்களோடு வைத்துப் பாருங்கள். 2011இல் சார்லி ஷீனை நீக்கிய 'டூ அண்ட் எ ஹாஃப் மென்', அவர் பாத்திரத்தைப் பாரிஸ் மெட்ரோ ரயிலில் அடிபடவைத்து, இழவு வீட்டிலும் கேலி செய்தது. அதோடு ஆத்திரம் அடங்காமல் 2015இல் கடைசிக் காட்சியில் அவர் ஜாடையில் ஒருவரை நிறுத்தித் தலையில் பியானோவைப் போட்டது. அதில் தயாரிப்பாளரின் வன்மம்தான் தெரிந்தது. 1987இல் வேலரி ஹார்ப்பரை நீக்கிய 'வேலரி' தொடரோ, தாய் போன வீட்டில் அத்தையைக் கொண்டுவந்து வைத்து, பெயரையும் மாற்றிக்கொண்டு நகர்ந்துவிட்டது.

'தி கானர்ஸ்' குறையே இல்லாதது என்று சொல்லமாட்டேன். நடு சீசன்கள் இழுவை. கேட்டி சேகல் வந்து டேனுக்கு இரண்டாம் கல்யாணம் ஆனது நல்ல திருப்பம்தான், ஆனால் அதைச் சுற்றி நிரப்பிய காதல் கதைகளில் பாதியை வெட்டலாம். எனக்குப் பெரிய வருத்தம் கானர் வீட்டு மகன் டி.ஜே. விஷயம். சின்னப் பையனாக முதல் தொடரிலிருந்து கூடவே வளர்ந்த மைக்கேல் ஃபிஷ்மனை 2022இல் ஐந்தாவது சீசனுக்குக் கூப்பிடவே இல்லை. அம்மாவுக்கு ஒரு முழுச் சீசன் துக்கம் கொண்டாடிய வீடு, மகன் காணாமல் போனதை ஒரு பேச்சோடு முடித்துக்கொண்டது. ஆள் பெரிதாக இருந்தால்தான் இழப்பும் பெரிதா? இதற்கு ஒரு நட்சத்திரம் குறைத்தே ஆகவேண்டும்.

கடைசி சீசன் 6 எபிசோடுகள், 2025 ஏப்ரல் 23 அன்று முடிந்தது. மாத்திரை தயாரித்த கம்பெனிமேல் டேன் வழக்குப் போடுகிறார். கைக்குக் கிடைப்பது 700 டாலர். கோடிக்கணக்கில் ஜெயிக்கவைத்திருந்தால் நான் டிவியை அணைத்திருப்பேன்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லாதவர்கள் 2018 'ரோசேன்' 9 எபிசோடு, 'தி கானர்ஸ்' முதல் சீசன் 11, கடைசி 6 என்று இந்த வரிசையில் பார்த்தால் போதும். முதல் 9ஐத் தாண்டிக் குதிக்காதீர்கள். மாத்திரை அங்கேதான் ஒளிந்திருக்கிறது.